நான்கு குழாய் உபயம்

தாம்பரம் மோட்டார் விளையாட்டு அபிவிருத்திச் சங்கத்துக்குத் தலைவர் ஒருவர், கௌரவச் செயலாளர் ஒருவர், பொருளாளர் ஒருவர், துணைத் தலைவர்கள் ஐந்தாறு பேர் இருந்தார்கள். ரப்பர் ஸ்டாம்பு இருந்தது. கார் ஒன்று பாதி இருந்தது. அதை ஓட்டத் தெரிந்தவன் ஒருவன் இருந்தான். அவனுக்குத்தான் பதவி எதுவும் இல்லை.

அவன் பெயர் ஜெபசீலன். குரோம்பேட்டையில் ஒரு கம்பெனியில் டிராப்ட்ஸ்மேன். கிழக்குத் தாம்பரத்தில் அம்மா ரத்தினபாயோடு குடியிருந்தான். சோழவரத்தில், யுத்த காலத்தில் விமானம் இறங்கிய பழைய தளத்தில், வருஷத்துக்கு ஒரு முறை கார்ப் பந்தயம் நடக்கும். பள்ளிக்கூட நாளிலிருந்து ஜெபசீலன் பஸ் மாறிப் பஸ் ஏறிப் போய், வேலிக்கு வெளியே நின்று புழுதி தின்றுவிட்டு வருவான். வேலிக்கு உள்ளே, ஒரு காருக்குள்ளே, ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு ஒரே ஒரு பந்தயம் ஓட்டிவிட வேண்டும். அவன் வயதுக்காரர்கள் பெண் பார்க்கப் போய் பஜ்ஜி தின்றுகொண்டிருந்தபோது, அவனுக்கு இருந்த ஒரே ஏக்கம் அந்த சீட்டுதான். இது சங்கத்துக்கும் தெரியும். ஒரு மனிதனுக்கு என்ன வேண்டும் என்று தெரிந்துவிட்டால் அவனை எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் நிற்க வைக்கலாம்.

தலைவர் தேவானந்தம் ரயில்வேயில் பெரிய உத்தியோகம் பார்த்து ஓய்வு பெற்றவர். சிட்லபாக்கம் ஏரிக்குப் பக்கத்தில் வீடு கட்டியபோது கார் ஷெட்டும் கட்டினார். கார் வாங்கவில்லை. அந்த ஷெட்டில்தான் சங்கத்தின் கார் உருவாகிக்கொண்டிருந்தது. இரும்புக் குழாய்களைப் பற்றவைத்துச் செய்த கூடு. அதில் முழங்கால் உயரத்துக்கு ஒரு சீட்டு. ஓட்டுகிறவன் முதுகுக்குப் பின்னால் பழைய ஹெரால்டு கார் என்ஜின். பார்க்க வருகிறவர்கள், என்ஜின் ஏன் பின்னால் போய்விட்டது என்று கேட்பார்கள். லண்டனில் எல்லாம் இப்போது இப்படித்தான் என்று தேவானந்தம் விளக்குவார். அவர் குண்டக்கல்லுக்கு அப்பால் போனதில்லை.

கௌரவச் செயலாளர் ராஜகோபாலன் கல்லூரியில் கணிதப் பேராசிரியர். அவர் போடும் கணக்கில் எண்கள் குறைவாகவும் கருத்துகள் அதிகமாகவும் இருக்கும். பொருளாளர் பொன்னுசாமிக்கு ஊரப்பாக்கத்தில் மரவாடி. லாரியும் உண்டு, மருமகனும் உண்டு. மருமகனிடம் கறுப்புக் கண்ணாடி, தோல் கையுறை, வெள்ளை ஹெல்மெட் மூன்றும் இருந்தன. ஓட்ட மட்டும் சுமாராகத்தான் வரும். ஜெபசீலன் எதற்காவது மாட்டேன் என்று வாயெடுத்தால் போதும், யாராவது ஒருத்தர், "மருமகப்பிள்ளை சும்மாதானே இருக்கார்" என்று ஞாபகப்படுத்துவார்கள். உடனே அவன் மாட்டேன் என்பதை வாய்க்குள்ளேயே மடித்து வைத்துவிடுவான்.

இப்படியிருக்க, என்ஜினிலிருந்து புகை வெளியேறுவதற்குக் குழாய் அமைக்க வேண்டிய கட்டம் வந்தது.

ஜெபசீலன் டிராயிங் போட்டு எடுத்துக்கொண்டு கமிட்டிக்குப் போனான். நாலு சிலிண்டர், நாலு குழாய். நாலும் ஒரே நீளமாக இருக்க வேண்டும் என்று விளக்கினான். அப்போதுதான் ஒரு சிலிண்டரின் புகை வேகமாகப் போகிற போக்கில் அடுத்ததன் புகையையும் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போகும். என்ஜின் சுலபமாக மூச்சு விடும். ஒன்று நீளம் ஒன்று குட்டை என்றால் வாசற்படியில் முட்டிக்கொள்ளும். இரண்டு முழம் கூட இல்லாத நாலு குழாய்கள், ஒரே ஒரு வளைவு, நேரே பின்னால் போய் ஒன்றாகச் சேர்ந்து வால்பக்கம் வெளியேறுகின்றன. பார்க்க அழகாகவே இருந்தது. கமிட்டி பத்து நிமிஷத்தில் ஏற்றுக்கொண்டது. அங்கேயே அவன் சுதாரித்திருக்க வேண்டும்.

ஏற்றுக்கொண்ட பிறகு தேவானந்தம், குழாய்களை உபயமாக வாங்கலாம் என்றார். சர்ச்சில் நாற்காலிக்கும் கோயிலில் டியூப் லைட்டுக்கும் நடக்கிற காரியம்தானே, ஆளுக்கொரு குழாய், ஆளுக்கொரு பித்தளைத் தகடு, அதில் பெயர். முதல் குழாயைத் தலைவர் எடுத்துக்கொண்டார். இரண்டாவதைப் பொன்னுசாமி எடுத்துக்கொண்டார். ராஜகோபாலன் எந்த சிலிண்டர் எந்த வரிசையில் வெடிக்கும் என்று விசாரித்தார். ஒன்று, மூன்று, நான்கு, இரண்டு என்று ஜெபசீலன் சொன்னதும், தனக்கு மூன்றாவது போதும், நம்பரில் எல்லாம் தனக்கு அபிமானம் இல்லை என்றார். தன்னுடையது கடைசியில் வெடிக்கிறது என்பது பொன்னுசாமிக்கு இரண்டு வாரம் கழித்துத்தான் தெரிந்தது. அந்தக் கோபத்தில்தான் மீதி எல்லாம் நடந்தது.

துணைத் தலைவர்கள் எல்லோரும் நழுவிவிட்டதால் நாலாவது குழாய்க்கு ஆள் கிடைக்கவில்லை. பந்தயம் நெருங்கிக்கொண்டிருந்தது. ஜெபசீலன் வீட்டில் சாப்பிடாமல் உட்கார்ந்திருந்ததைப் பார்த்துவிட்டு ரத்தினபாய், "அப்பா பேர்ல நான் குடுக்கிறேன்டா. சீட்டு உனக்குத்தானே?" என்று கேட்டாள். அவள் பெண்கள் பள்ளிக்கூடத்தில் டீச்சர். புருஷன் ஏசுபாதமும் வாத்தியாராக இருந்து போனவர். முப்பது வருஷம் பாடம் நடத்தியும் அவர் பெயர் எந்தச் சுவரிலும் எழுதப்படவில்லை என்ற குறை அவளுக்கு உண்டு.

தகடுகள் அடித்து வந்தன. ஷெட்டில் சும்மா வைத்துப் பார்த்தார்கள். பொன்னுசாமி குனிந்தார், நிமிர்ந்தார், காரைச் சுற்றி வந்தார்.

"இன்னா சார் இது. என் பேரு என்ஜினுக்குப் பின்னாடி போய் ஒளிஞ்சிக்கினு கீது. புகை பாக்குறதுக்கா நான் பேர் போட்டுக் குடுத்தேன்?"

அவர் கேட்டதில் நியாயம் இருப்பதாக மற்ற இருவருக்கும் பட்டது, ஏனென்றால் அவர்கள் பெயரும் அங்கேதான் ஒளிந்திருந்தது. பொன்னுசாமியின் குழாய் பின்னால் போகாமல் முன்பக்கம் வந்து, ஓட்டுகிறவனின் முழங்கைக்கு வெளியே, ஜனங்கள் பார்க்கிற மாதிரி ஒரு சுற்று சுற்றிவிட்டுப் பிறகு பின்னால் போகட்டும் என்று முடிவாயிற்று. அதனால் அது நீளமாயிற்று. அது நீளமானால் மற்ற மூன்றும் நீளமாக வேண்டும். ஒரே நீளம் என்பதுதான் விஞ்ஞானம் என்று ஜெபசீலனே சொல்லியிருக்கிறானே. ராஜகோபாலன் எழுந்து, சமத்துவம் என்பது மேடையில் பேசுவதற்கு மட்டுமல்ல, எக்ஸாஸ்ட் குழாயிலும் கடைப்பிடிக்க வேண்டியது என்று கால் மணி நேரம் பேசினார். கைதட்டினார்கள். அடுத்த வாரம் தலைவரின் குழாய், பொன்னுசாமி குழாய்க்கு மேலே இரண்டு சுற்று சுற்றியது. அதற்கடுத்த வாரம் எல்லாமே இரண்டு சுற்று.

ஜெபசீலன் ஒவ்வொரு தடவையும் டிராயிங்கைத் திருத்தினான். புகை இவ்வளவு தூரம் ஊர்வலம் போனால் என்ஜினின் சக்தி பாதி போய்விடும் என்பது அவனுக்குத் தெரியும். ஒரு தடவை ஜாடையாகச் சொல்லியும் பார்த்தான். மருமகன் அன்றைக்கு ஷெட்டுக்கே வந்திருந்தான்; கையுறையைப் போட்டு விரல்களை மடக்கி மடக்கிப் பார்த்துக்கொண்டிருந்தான். ஜெபசீலன் ரப்பரை எடுத்து அழிக்க ஆரம்பித்தான்.

கடைசியில் இடப்பக்கம் இரண்டு பெயர், வலப்பக்கம் ஒரு பெயர் என்று மூன்று பேரும் குடியேறிவிட்டார்கள். ஏசுபாதம் வாத்தியாருக்கு இடம் இல்லை. நாலாவதைப் பின்பக்கமே விட்டுவிடலாமே, அவர்தான் காலமாகிவிட்டாரே என்று பேராசிரியர் இதமாகச் சொன்னார். உபயம் கொடுத்தவள் என்று ரத்தினபாயும் அன்று ஷெட்டுக்கு வந்திருந்தாள். மகனைப் பார்த்தாள். அவன் அன்று ராத்திரி சாப்பாட்டுக்கு முன்னாலேயே நாலாவது குழாயை வரைந்து முடித்துவிட்டான். அது இடப்புறம் ஓடி வந்து, ஓட்டுகிறவனின் மடிக்கு மேலே குறுக்கே கடந்து, வலப்புறமாகத் திரும்பிப் போயிற்று. பொருட்காட்சி ராட்டினத்தில் ஏறி உட்கார்ந்ததும் மடிமேல் ஒரு கம்பியைப் போட்டு மூடுவார்களே, அந்த மாதிரி. எல்லோரையும்விட முன்னால், நட்டநடுவே அப்பா பெயர்.

அந்தக் குழாய்க்கும் தொடைக்கும் நடுவே இடைவெளி இருக்கிறதா என்று தேவானந்தம் கேட்டதற்கு, டிராயிங்கில் இருக்கிறது என்று ஜெபசீலன் பதில் சொன்னான். இருந்தது. டிராயிங்கில் மனிதனை எவ்வளவு ஒல்லியாக வேண்டுமானாலும் வரையலாம்.

குழாய்களில் மணலை அடைத்து, சூடு காட்டி வளைத்து, குரோம் பூசக் கொடுத்தார்கள். குரோம் சூடானால் நீலம் பாரித்துவிடும் என்று கடைக்காரர் எச்சரித்திருந்ததால், பந்தயம் வரைக்கும் அவற்றை என்ஜினில் மாட்டுவதில்லை, என்ஜினை ஓட்டுவதில்லை என்று தீர்மானமாயிற்று. பித்தளைத் தகடுகளை ஈயம் வைத்து ஒட்டினார்கள். ஆணி அடித்தால் குரோம் உரியுமாம்.

பந்தயத்தன்று காலையில், பொன்னுசாமியின் லாரியில் கார் சோழவரம் போய்ச் சேர்ந்தது. குழாய்கள் தனியாக, வெல்வெட்டுத் துணியில் சுற்றிப் பேராசிரியரின் மடியில் வந்தன. மாட்டும்போது டிரைவர் உட்கார்ந்திருந்தால்தான் அளவு சரியாக வரும், போட்டோவுக்கும் நன்றாயிருக்கும் என்று தேவானந்தம் சொன்னார். ஜெபசீலன் உட்கார்ந்தான். இத்தனை வருஷ ஆசை. சீட்டு முதுகில் பட்டதும் கண்ணை மூடிக்கொண்டான். திறந்தபோது நாலாவது குழாய் தொடைமேல் இருந்தது. பக்கங்களில் அதன்மேல் ஏறுகிற மாதிரி மூன்றாவதை மாட்டினார்கள், அதற்குமேல் இரண்டாவது, எல்லாவற்றுக்கும் மேலே தலைவருடையது. நட்டுகளை இறுக்கினார்கள். தேவானந்தம் ஜெபம் செய்தார். பொன்னுசாமி பூசணிக்காய் உடைத்தார். இரண்டும் முடிந்த பிறகு ஜெபசீலன் மெதுவாகக் காலை இழுத்துப் பார்த்தான். வரவில்லை.

பந்தயக் கார்களைச் சோதிக்கிற அதிகாரி வந்தார். வெயிலில் கறுத்த, பேச்சில் சிக்கனமான மனிதர். கையில் ஸ்டாப்வாட்ச். குழாய்களைச் சுற்றி வந்து பார்த்தார். பெயர்களை ஒவ்வொன்றாக வாசித்தார். பிறகு ஜெபசீலனிடம், தீப்பிடித்தால் எப்படி வெளியே குதிப்பாய், குதித்துக் காட்டு என்றார்.

ஜெபசீலன் இரண்டு கையையும் ஊன்றி எழும்பினான். தொடை குழாயில் இடித்தது. இன்னொரு தடவை எழும்பினான். அப்பா பெயர் வயிற்றில் குத்தியது. "கொஞ்சம் டைட்டா இருக்கு சார்" என்றான்.

வெளியே வர முடிகிறவர்கள்தான் உள்ளே உட்காரலாம் என்று சொல்லிவிட்டு அதிகாரி அடுத்த காருக்குப் போனார். போகிற போக்கில், மத்தியானத்துக்குள் சரி செய்தால் கடைசிப் பந்தயத்தில் சேர்த்துக்கொள்கிறேன், குழாய் இல்லாமல் ஓட்டினாலும் ஆட்சேபணை இல்லை, சத்தம்தான் வரும் என்றார். ஆறு மாதம் கமிட்டி கூடி இழைத்த ஒரு வேலையை இவ்வளவு சுருக்கமாக யாரும் அவமதித்ததில்லை.

சங்கம் அங்கேயே, காரைச் சுற்றி நின்றபடி, அவசரக் கூட்டம் போட்டது. நாலாவதைக் கழற்ற வேண்டுமானால் முதலில் ஒன்றாவதைக் கழற்ற வேண்டும். பத்திரிகையிலிருந்து போட்டோ எடுக்க ஆள் வருகிற நேரத்தில் தலைவரின் குழாய் தரையில் கிடந்தால் சங்கத்தின் கௌரவம் என்ன ஆகும் என்று தேவானந்தம் கேட்டார். அப்படியானால் நாலாவதை மட்டும் ரம்பத்தால் அறுத்துவிடலாம் என்று பேராசிரியர் சொன்னார். மற்ற இருவரும் ஆமோதித்தார்கள். டிபன் டப்பாவோடு கூடவே வந்திருந்த ரத்தினபாயை எல்லோரும் பார்த்தார்கள்.

"மாட்டினதை மேலருந்துதானே ஐயா கழட்டணும்?" என்றாள் அவள். "ஸ்கூல் பிள்ளைங்களுக்குக் கூட வரிசை தெரியும். எங்க வீட்டுக்காரரை அறுத்துத்தான் என் பிள்ளையை எடுக்கணுமா?"

"அம்மா, அறுக்கட்டும்மா" என்றான் ஜெபசீலன்.

"நீ சும்மா இரு. இவ்வளவு நாள் சும்மா இருந்தல்ல."

அவன் சும்மா இருந்தான். வேறு வழியும் இல்லை. மேலே பன்னிரண்டு மணி வெயில், கீழே தார். முதல் பந்தயம் புறப்பட்டது. சீட்டு தாழ்வானதால் அவனுக்குத் தெரிந்ததெல்லாம் உபயதாரர்களின் இடுப்புகள். வேலிக்கு வெளியே நின்ற காலத்திலாவது கார்களின் தலை தெரியும். இப்போது காதுதான். கியர் மாற்றுகிற சத்தம், வளைவில் அடங்குகிற சத்தம், நேர்ப்பாதையில் மறுபடி ஏறுகிற சத்தம். இரண்டாவது பந்தயமும் போயிற்று. ரத்தினபாய் டிபன் டப்பாவைத் திறந்து குழாய்களுக்கு நடுவே கையை விட்டுப் புளிசாதம் ஊட்டினாள். ஒரு பருக்கை பொன்னுசாமியின் பெயரில் விழுந்தது. அவர் கைக்குட்டையால் துடைத்தார்.

மருமகன் கறுப்புக் கண்ணாடியோடு பக்கத்தில் நின்று, ஹெல்மெட்டைக் கையில் சுழற்றிக்கொண்டு, ரொம்ப அனுதாபமாகப் பார்த்தான். "காலு மரத்துப் போயிருக்குமே மச்சான்" என்றான்.

போட்டோக்காரர் வந்துவிட்டார். உடனே கூட்டம் கலைந்து அணிவகுப்பாயிற்று. அவரவர் குழாய்மேல் அவரவர் கையை வைத்துக்கொண்டு நின்றார்கள். ரத்தினபாயைக் கொஞ்சம் தள்ளி நிற்கச் சொன்னார்கள். போட்டோக்காரர் கண்ணைச் சுருக்கிப் பார்த்துவிட்டு, டிரைவரின் தலை தலைவரின் பெயரை மறைக்கிறது, கொஞ்சம் குனியச் சொல்லுங்கள் என்றார். "குனியுங்க தம்பி" என்றார் தேவானந்தம்.

ஜெபசீலன் குனிந்தான். குனிந்ததில் ஸ்டார்ட்டர் பொத்தான் கைக்கு எட்டியது. அழுத்தினான்.

என்ஜின் ஒரு தடவை இருமிவிட்டுப் பிடித்துக்கொண்டது. அவ்வளவு நீளக் குழாய்களுக்குள் புகை எங்கே போவதென்று தெரியாமல் ஊளையிட்டது. சூடு தாங்கட்டும் என்று தொடைமேல் போட்டிருந்த ஆஸ்பெஸ்டாஸ் துணியை இழுத்துவிட்டுக்கொண்டு அவன் ஆக்ஸிலரேட்டரை மிதித்தான். முதலில் உபயதாரர்களின் கைகள் போயின. மூன்று பேரும் விரல்களை வாயில் வைத்து ஊதிக்கொண்டு நின்றார்கள். குரோம் மஞ்சளாகி, பிறகு நீலமாயிற்று. நிறுத்துடா, வெந்து போவாய் என்று ரத்தினபாய் கத்தியது அவனுக்குக் கேட்கவில்லை. துணிக்கு அடியில் தொடை காந்தியது. அவன் காலை எடுக்கவில்லை.

நாலு குழாயும் ஒரே நீளம். நாலு பெயரும் என்ஜினிலிருந்து ஒரே தூரம். எனவே ஈயம் நாலிலும் ஏறக்குறைய ஒரே நேரத்தில் உருகியது. தேவானந்தம், பொன்னுசாமி, ராஜகோபாலன், காலஞ்சென்ற ஏசுபாதம் எல்லோரும் கணகணவென்று தாரில் விழுந்தார்கள். அந்த டிசைனில் விஞ்ஞானப்படி சரியாக நடந்தது அது ஒன்றுதான்.

ஜெபசீலன் என்ஜினை நிறுத்தினான்.

 ஒவ்வொருவரும் குனிந்து, துண்டால் பிடித்து, அவரவர் பெயரைப் பொறுக்கிக்கொண்டார்கள். பிறகு நடந்ததுதான் ஆச்சரியம். குழாய்கள் இப்போது வெறும் குழாய்கள். ஆற அமரக் கமிட்டி கூட வேண்டியிருக்கவில்லை. பொன்னுசாமியே சட்டைக் கையை மடித்துக்கொண்டு ஸ்பேனரை எடுத்தார். "இன்னாத்துக்கு இத்தினி நேரம் பேஜாரு, கழட்டிப் போடு" என்றார். கை சுடாமல் சாக்குத் துணியால் பிடித்துக்கொண்டு ஒன்றாவது, இரண்டாவது, மூன்றாவது என்று வரிசையாகக் கழற்றிப் போட்டார்கள். நாலாவதும் வந்துவிட்டது. ஜெபசீலனின் மடிமேல் காற்று பட்டது.

அதிகாரி திரும்பி வந்தார். கடைசிப் பந்தயத்துக்கு இன்னும் நேரம் இருக்கிறது, ஒரு தடவை இறங்கிக் காட்டட்டும், பிறகு ஏறிக்கொள்ளட்டும் என்றார்.

ஜெபசீலன் கையை ஊன்றினான். அப்போது பேராசிரியரும் தலைவரும் தலையைச் சேர்த்து மெதுவாகப் பேசிக்கொண்டிருந்தது காதில் விழுந்தது. பையனுக்குத் தொடை வெந்திருக்கிறது, பாவம், சங்கத்தின் சொத்தைச் சேதப்படுத்தியும் இருக்கிறான், அதைப் பிறகு பேசிக்கொள்ளலாம். இறங்கட்டும், மருமகப்பிள்ளை தயாராகத்தானே நிற்கிறார். நிமிர்ந்து பார்த்தான். மருமகன் ஹெல்மெட்டைப் போட்டு, வாரை இறுக்கிக்கொண்டிருந்தான். இறங்கிக் காட்டாவிட்டால் பந்தயம் இல்லை. இறங்கினால் சீட்டு இல்லை.

ஊன்றிய கையை ஜெபசீலன் எடுத்துவிட்டான்.

"இறங்கி வாங்க தம்பி" என்றார் தேவானந்தம், ரொம்பக் கனிவாக.

"முடியலீங்க ஐயா. மாட்டிக்கிட்டு இருக்கு."

"என்ன மாட்டிக்கிட்டிருக்கு? எல்லாம் கழட்டியாச்சே."

"தெரியலீங்க. காலு எங்கயோ மாட்டியிருக்கு."

எல்லோரும் எட்டிப் பார்த்தார்கள். என்ஜினுக்கு முன்னால் ஒரு சீட்டு, சீட்டில் ஒரு மனிதன், அவனுக்கு மேலே ஆகாயம். ராஜகோபாலன் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு மறுபடி பார்த்தார். பிறகு ரத்தினபாயைக் கூப்பிட்டு, நீங்களே பாருங்கோ என்றார்.

ரத்தினபாய் புருஷனின் பெயரை முந்தானையில் சுற்றிப் பிடித்தபடி வந்து குனிந்தாள். மகனின் மடியைப் பார்த்தாள். கறுத்துப்போன துணியைப் பார்த்தாள். ஸ்டியரிங்கை இறுக்கிப் பிடித்திருந்த அவன் விரல்களைப் பார்த்தாள். ரொம்ப நேரம் பார்த்துவிட்டு நிமிர்ந்தாள்.

"ஆமாங்க" என்றாள். "நல்லா மாட்டிட்டுத்தான் கிடக்கான்."

பிறகு டூல் பெட்டியைக் காருக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டு, மருமகன் ஏற வருகிற பக்கத்தை மறித்து உட்கார்ந்துகொண்டாள். கடைசிப் பந்தயத்துக்குக் கொடி அசைந்தது. கார்கள் ஒவ்வொன்றாகத் தாண்டிப் போக, ஜெபசீலன் சத்தம் வருகிற பக்கத்துக்கெல்லாம் ஸ்டியரிங்கைக் கொஞ்சம் கொஞ்சம் திருப்பிக்கொண்டிருந்தான்.